திறக்கும் பக்கம்

பதினேழு குழாய்கள் உடைந்துவிட்டன. பதினெட்டாவது மட்டும் உடையாமல், சுருண்டு ஆறி, அச்சின் மேல் நின்றது. சிஎஃப்எல் விளக்குக்குச் சுருள் வடிவமைக்கும் வரதராசனுக்குக் கண் எரிந்தது. மெல்லிய கண்ணாடியில் இதுதான் கடைசி. ஐந்து மணிக்குள் மாதிரி வராவிட்டால் பழைய வடிவமே போதும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

உலையில் இளகிய குழாயின் நடுப்பகுதியை, திருகாணிபோல் மரை வெட்டிய அச்சின் உச்சியில் பாலம்போல் வைக்க வேண்டும். அடியிலுள்ள கைச்சக்கரத்தை வலமாகச் சுற்றினால் குழாயின் இரு கிளைகளும் மரையில் படிந்துகொண்டே கீழே இறங்கும். ஆறியபின் இடமாகச் சுற்றினால் அச்சு கீழ்வழியே கழன்றுவரும். மறந்துபோய் வலமாகவே சுற்றினால் அச்சு மேலேறிப் பாலத்தை உடைக்கும். பதினேழில் நான்கு அப்படிப் போனவைதான்.

"முதல்ல டீ குடிங்க சார்." உலையைப் பார்த்துக்கொள்ளும் நேசமணி ஃபிளாஸ்கை நீட்டினாள். அவர் மூடியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார்.

"இறுக்குறீங்க சார்! காலையிலேருந்து சுத்துன கை, ஃபிளாஸ்கையும் விடமாட்டேங்குது."

"அச்சை நீயே கழட்டிடும்மா."

"ஐயோ, உடைஞ்சா எம் பேரா? இந்த மூடியைத் திறங்க. திறந்த கையை அப்படியே கொண்டுபோய் அங்கே வையுங்க."

மூடி இடமாகத் திரும்பியது, ஆவி எழுந்தது. விரல்களின் வளைவு கலையாமல், தளும்பும் தம்ளரைத் தூக்கிப்போவதுபோல அந்தக் கையைச் சக்கரம்வரை கொண்டுபோனார்.

நேசமணி கண்களை மூடிக்கொண்டாள்.