பதினாலாம் நம்பர் பெட்டி

"ஏனுங்க, தபால்காரரு ஓசியில ஊட்டு வாசலுக்கே கொண்டாந்து குடுக்கறாரு. அதை உட்டுப்போட்டு, தபாலாபீசுல ஒரு பெட்டிக்கு வருஷா வருஷம் வாடகை கட்டோணுமா?"

ஞானசுந்தரி இப்படிக் கேட்டது கணவர் கிறிஸ்துதாஸிடம். அவரோ காய்ச்சலில் முனகிக்கொண்டே கட்டிலை விட்டு எழுந்து சட்டையைத் தேடினார்.

எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து இந்தக் கூத்துதான். காலை ஒன்பது மணிக்குச் சாவியோடு தபாலாபீசுக்குப் போவார். சில நாள் உடனே திரும்புவார். சில நாள் மத்தியானம்தான் வருவார். கையில் மட்டும் ஒரு கடிதமும் இருக்காது. எங்கே போனீர்கள் என்றால், "சும்மா ஒரு நடை" என்பார்.

பக்கத்து வீட்டு ராசம்மாள் நேற்றுத்தான் குழாயடியில் சொன்னாள். "ஊட்டுக்கு வரக்கூடாத கடுதாசி ஏதோ வருதாட்டம் இருக்குதுங்க அக்கா. எதுக்கும் பாத்துக்குங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஞானசுந்தரிக்கு அப்புறம் ஜெபத்தில்கூட மனசு நிற்கவில்லை.

"நீங்க படுங்க. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

"வேண்டாம், ஞானம்..."

அவரால் நிற்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் சாவியை நீட்டினார். "ஏதாச்சும் இருந்தா, மேல இருக்கற பேரைப் பாத்து உடனே..." மீதியை இருமல் விழுங்கிவிட்டது.

தபாலாபீசில் பதினாலாம் நம்பர் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு நீளமான கவர்.

'செல்வி கலாவதி, மே/பா கிறிஸ்துதாஸ், தபால் பெட்டி எண் 14, ஏற்காடு.'

ஞானசுந்தரி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கலாவதி யாருங்க?" என்று கவுன்ட்டரில் கேட்டாள்.

"தெரியாதுங்கம்மா. கவர் வந்தா ஐயா கையோட எடுத்துக்கிட்டு வாழவந்தி பஸ் ஏறிருவாருங்க. அந்தா, பஸ் கிளம்புது பாருங்க."

ஏறி உட்கார்ந்தாள். ஆண்டவரே, பார்க்கக்கூடாத எதையும் என்னைப் பார்க்க வைத்துவிடாதே என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனாள்.

வாழவந்தியில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனதில், எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் மூன்றாவதைக் காட்டினார்கள். கதவைத் திறந்தது பதினெட்டு வயசுப் பெண். இரட்டைச் சடை. கவரைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள்.

"பொட்டிக் கடுதாசிங்களா?"

பிரித்துப் படித்தவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு காப்பிக் காட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா, நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குச் சேலத்துல இருக்கோணுமாம்."

பழம் பறித்துக்கொண்டிருந்த தாய் வேலம்மாள் இடுப்புக் கூடையோடு ஓடி வந்தாள். ஞானசுந்தரி யாரென்று தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இது எஸ்டேட் விலாசத்துக்கு வந்திருந்தா எம்புள்ள கதை முடிஞ்சுதுங்கம்மா. ஆபீசுல வாங்கி வெச்சுக்கிட்டு, சனிக்கிழமை கூலி குடுக்கையிலதான் கடுதாசியும் குடுப்பாங்க. இன்னிக்கு வியாழன்தானுங்களே."

"எங்க ஊட்டுக்கே அனுப்பச் சொல்லியிருக்கலாமே?"

"ஐயா அதையும் ரோசிச்சுத்தான் சொன்னாருங்க. தபால்காரரு உங்க தெருவுக்கு வர மூணு மணி ஆயிருமாம். அதுக்கப்பறம் இங்க வர பஸ் இல்லீங்க. பொட்டின்னா ஒம்பது மணிக்கே எடுத்துப்போடலாமுங்க."

கலாவதி உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். கரியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: தபால் பெட்டி எண் 14, ஏற்காடு.

"அப்ளிகேஷன் எழுதறப்ப தப்பு வந்திரக்கூடாதுன்னுங்க. இந்த லைன்ல பதினோரு ஊட்டுலயும் இருக்குது. போன வருசம் ரெண்டு பேரு டீச்சர் டிரெய்னிங் போனாங்க. ஒருத்தருக்குக் கண்டக்டர் வேலை வந்துச்சு."

ஞானசுந்தரி ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒன்றில் சாக்கட்டியில் எழுதியிருந்தது. ஒன்றில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சளால் எழுதி, பொட்டும் வைத்திருந்தார்கள்.

"சாமிக்குப் பக்கத்துலயா கண்ணு?"

"எங்களுக்குன்னு இருக்கற விலாசம் அது ஒண்ணுதானுங்களே."

கடைசி வீட்டுக்கு வந்தபோதுதான் கவனித்தாள். கோயிலுக்குள் நுழைகிற மாதிரி, முந்தானை தானாகத் தலைக்கு ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"கலாவதி கையில குடுத்துட்டேனுங்க."

கிறிஸ்துதாஸ் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். நீங்க என்னை மன்னிக்கோணும். இத்தனை நல்ல காரியத்தை எங்கிட்டக்கூட மறைக்கலாமுங்களா?"

"நல்ல காரியமில்ல, ஞானம்." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் ரைட்டரா இருந்தப்ப, லைன் ஊட்டு மாதப்பன் மவனுக்குப் போலீசுல சேரச் சொல்லி வந்த கடுதாசி, நாலு நாள் என் மேசை டிராயர்லயே கெடந்துச்சு. சனிக்கிழமை எடுத்துக் குடுத்தேன். நாள் தாண்டிப்போச்சு. அவன் இன்னிக்கும் மொளகு பறிக்க ஏணி தூக்கறான்."

"அது ஆபீஸ் வழக்கமுங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"வாரத்துக்கு நடுவுல கடுதாசி குடுத்தா ஆளுக வேலையை உட்டுட்டு ஊருக்குப் போயிருவாங்கன்னு, அந்த வழக்கத்தைக் கொண்டாந்ததே நாந்தான்."