பகதூரின் ஆதார்

"எட்டு வருஷமா நம்மள ஏமாத்தியிருக்கான்!"

செயலாளர் சம்பந்தம் ஆதார் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

பருத்திப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வெளியூர் வேலையாட்களின் விவரத்தைப் போலீஸ் கேட்டிருந்தது. அதற்காகத்தான் வாட்ச்மேன் பகதூரிடம் ஆதார் வாங்கினார்கள்.

அதில் 'லோகநாதன், நெமிலிச்சேரி' என்றிருந்தது.

"நீ நேபாளி இல்லையா?"

"நான் இன்னாத்துக்கு சார் நேபாளி? அப்பா தமிழு. அம்மா பர்மாக்காரி. அதும் மூஞ்சி எனக்கு வந்துகீது. பொறந்து வளந்ததெல்லாம் நெமிலிச்சேரிதான்."

"பின்ன ஏன்யா கூர்க்கான்னு சொன்ன?"

"நான் எங்க சார் சொன்னேன்? வந்த அன்னிக்கே மூஞ்சப் பாத்து 'ஆவோ பகதூர்'னீங்க. நம்பி சாவியெல்லாம் குட்த்தீங்க. இந்தியில எதுனா கேப்பீங்க, 'ஜி சாப்'னு தலையாட்டுவேன். எனக்கும் வேல வேணும். கம்முனு இருந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள்.

தரைத்தளத்து ஃபெலிக்ஸ் கேட்டார். "எட்டு வருஷத்துல ஒரு செருப்பாவது காணாமப் போச்சா?"

"அது வேற விஷயம் சார்" என்றார் சம்பந்தம்.

இரண்டாவது மாடி கோமளா படபடவென்று எழுந்தாள்.

"நம்ம ஆளுங்களை நம்ப முடியாதுன்னுதானே கூர்க்கா வேணும்னோம்? அந்த ஜனங்கன்னா உண்மையா இருப்பாங்க. நம்மாளுன்னா இங்க கேட்டதை அங்க சொல்வான். இவனை உடனே அனுப்பிடுங்க!"

"அம்பத்தெட்டு வயசாச்சும்மா. இனிமே எவன் வேல குடுப்பான்?" என்றார் லோகநாதன்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் உயர்ந்தது கோமளாவின் கைதான். ஃபெலிக்ஸைத் தவிர மற்ற எல்லோரும் தூக்கினார்கள்.

லோகநாதன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

கூட்டம் கலைந்தது. லிஃப்டுக்காகத் தனியாக நின்ற கோமளா, அவர் தன்னிடம் வருவதைப் பார்த்தாள். திட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

லோகநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்கம்மா. உங்க வூட்டு சாருக்கு வேல போயி நாலு மாசமாச்சு, யாருக்கும் தெரியாம தெனம் பையத் தூக்கிகினு வெளிய போறார்னு எம் முன்னாடியே நின்னு உங்க அக்காவாண்ட போன்ல சொல்லி அழுதீங்களே... அத நான் ஒருத்தராண்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

கோமளா லிஃப்ட் பொத்தானை மறுபடியும் அழுத்தினாள்.

"புதுசா வர்றவன் முன்னாடி மட்டும் பாத்துப் பேசுங்கம்மா. அவன் எப்பிடியாப்பட்டவனோ!"