அனுப்புநர் பெயர்

அக்காவும் தங்கையும் நடத்திய திரைச்சீலைக் கடையின் விளம்பர மின்னஞ்சல்கள் மூன்று மாதமாக எல்லோருக்கும் ஸ்பேமில் போய் விழுந்தன. ஆர்டர்கள் வற்றிவிட்டன. அக்கா காரணம் தேடி உட்கார்ந்தாள்.

‘இது ஸ்பேம்’ என்று நானூறு புகார்கள் இருந்தன. எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. அது அவள் கணவனுடையது. அவன் இறந்து இரண்டு வருடம். அந்தக் கணக்கை அவளே மூடியிருந்தாள்.

“அத்தான் இருந்தப்பவே நீ எழுதுறதப் படிச்சதில்லையேக்கா!” என்று தங்கை சிரித்தாள். “தூக்கிடு. ஒரு முகவரிக்காகக் கடைய மூடணுமா?”

“இரு, பழசையும் பாத்துடறேன்.”

“அதெல்லாம் எதுக்கு?” தங்கையின் சிரிப்பு நின்றது. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

கடிதங்களை எப்போதும் அக்காதான் எழுதுவாள். ஒரு வாரம் தன் பெயரில் அனுப்புவாள், மறுவாரம் தங்கை பெயரில். புகார்கள் எல்லாம் அக்கா பெயரில் போனவற்றுக்கு, ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்ப வந்திருந்தன. தங்கை பெயரில் போனவற்றை, அனுப்பிய நிமிடமே அவன் திறந்திருந்தான்.

அக்கா தங்கையின் பெயரில், அந்த முகவரிக்கு மட்டும், “சௌக்கியமா?” என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது. “அவளுக்குத் தெரிஞ்சிடுச்சா?”

அக்கா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “இல்லை” என்று அனுப்பினாள்.

முகவரியை அவள் அழிக்கவில்லை. அனுப்புநர் இடத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டாள். அடுத்த வாரத்திலிருந்து எல்லாக் கடிதங்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.