கவலைக்கு மார்க்

"எந்தக் கேள்வி கேட்டாலும் அஞ்சுன்னு சொல்லிடு, தாமரை" என்றேன்.

"நெசமா அஞ்சா இருந்தாச் சொல்றேனுங்க" என்றாள் என் மனைவி.

அந்தப் பதிலுக்கு எனக்கு வந்த கோபத்துக்கே அஞ்சு மார்க் போடலாம்.

மலைமேல், செம்மேட்டில் எனக்கு உரக்கடை. எங்கள் பையன் ஜீவாவுக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடுவான். 'ஆட்டிசம்' என்று சேலத்து டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

2003-ல், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மன அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வித்யாஸ்ரீ என்று ஒரு பெண் மலையேறி வந்தது. கோயமுத்தூரில் படிக்கிற பெண். முப்பது கேள்விகள். 'இல்லவே இல்லை' என்றால் ஒன்று. 'எப்போதும்' என்றால் ஐந்து.

டீக்கடை காளியண்ணன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"மார்க் அதிகமா வர்ற மூணு ஊட்டுக்குச் சேலத்துல இலவசப் பயிற்சியாம். அம்மாவும் புள்ளையும் மூணு மாசம் அங்கயே தங்கிக்கலாமாம்."

பள்ளிக்கூடத்து வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்ததோ பதினாலு குடும்பம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ராத்திரி தூக்கம் வராமப் போகுதுங்களா சார்?"

"கண்ணை மூடறதே இல்லீங்க. அஞ்சு போட்டுக்குங்க."

படுத்தால், பக்கத்தில் லாரி கவிழ்ந்தாலும் எனக்குத் தெரியாது.

"விசேஷங்களுக்குப் போக முடியாமப் போகுதுங்களா?"

"வருசக்கணக்காப் போறதில்லீங்க. அஞ்சு."

முந்தின வாரம்தான் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்திருந்தேன். தாமரை பையனோடு வீட்டில் இருந்தாள்.

எல்லாவற்றுக்கும் ஐந்து என்றால் சந்தேகம் வரும் என்று, நடுநடுவே மூன்றும் தூவினேன். உரம் விற்கிறவனுக்கு அளவு தெரியாதா?

"தனியா இருக்கும்போது அழுவீங்களா சார்?"

"கடை ஷட்டரை எறக்கி உட்டுட்டு அழுவேனுங்க. வெளிய ஆளுங்க நிப்பாங்க. மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டுத் தொறப்பேன்."

சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தும் காட்டினேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தது.

அடுத்து தாமரை. ஜீவாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். என் உழைப்பெல்லாம் வீண்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அங்க என்ன சிரிப்பு உனக்கு?"

"'கடைசியா எப்ப உக்காந்து நிம்மதியாச் சாப்பிட்டீங்க'ன்னு கேட்டுச்சுங்க. சிரிப்பு வந்துருச்சு."

"கெடுத்தியே! அதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட வேண்டாமா?"

வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வித்யாஸ்ரீ கடைக்கு வந்தது.

"சார், உங்களுக்கு இடம் கிடைச்சிருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல யாருக்கு அதிகமோ அதைத்தான் எடுத்தோம்."

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "எனக்கு எவ்வளவுங்க?"

"நூத்தைம்பதுக்கு நூத்தி முப்பத்திரெண்டு. அதுக்குக் கிடைச்சிருக்காது சார். அம்மாவுக்கு நூத்தி முப்பத்தேழு."

"இருக்காதுங்க. அவளுக்குப் பொய்யே சொல்ல வராது."

வாய் தவறி வந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பெண் அதை என் பொய்யோடு முடிச்சுப் போடவில்லை.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களா, எல்லாக் கேள்வியையும் ரெண்டாந்தடவை கேட்டேன். ஒண்ணுகூட மாறலை."

நடுவில் மூன்றுகளைத் தூவியது தப்பாகிவிட்டதே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது பாருங்கள்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தாமரையின் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"நான் போகலீங்க."

"ஏன்?"

"கடையைச் சாத்திட்டு அழுவீங்களாமே? 'சாரைக் கொஞ்சம் பார்த்துக்குங்க'ன்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சு. உங்களைத் தனியா உட்டுட்டு எப்படிப் போவேன்?"

இரண்டு வாரமாக என் தட்டில் ஒரு தோசை கூடுதலாக விழுந்தது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அது பொய், தாமரை. மார்க்குக்காகச் சொன்னேன்."

"வெக்கப்படாதீங்க. ஆம்பளை அழுதா என்ன தப்பு?"

ஜீவா மேல் சத்தியம் செய்தேன். ம்ஹூம். வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே உண்மையை அவள் நம்பவில்லை. கடைசியில், தான் தினம் கடைக்குப் போன் பண்ணும்போது நான் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பஸ் ஏறினாள்.

சொன்ன மாதிரியே தினம் ஏழு மணிக்குச் சேலத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்தது.

"இன்னிக்கு அழுதீங்களா?"

"இல்லை."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

அப்புறம் ஜீவா அன்றைக்கு என்ன செய்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

பதினேழாவது நாள்தான் எனக்கு அது தோன்றியது.

"நீ அழுதியா, தாமரை?" என்று கேட்டேன்.

"நெசமாவே அஞ்சுங்க" என்றாள்.