பாதி மழித்த முகம்

ஆரப்பாளையத்து சலூன் நாற்காலியில், கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணியும் பாதி மழித்த முகமுமாக உட்கார்ந்திருக்கிறான், தான்சானியாவிலிருந்து படிக்க வந்த ஜுமா. டிவியில் ஓடும் கிரிக்கெட் மேட்ச்சில் இந்தியா ஜெயித்ததும் பெஞ்சிலிருப்பவர்கள் கத்துகிறார்கள். "ஏய் ஆப்பிரிக்கா, இந்தியாவுக்கு ஒரு ஜே போடுடா!" என்கிறார் ஒருவர். கடைக்காரர் பாண்டியராஜனின் கத்தி ஜுமாவின் தாடையடியில் அசையாமல் காத்திருக்கிறது. துணிக்கடியில் நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "ஜே" என்கிறான் அவன். விசில் பறக்கிறது. "நம்ம பயதாண்ணே! கொஞ்சம் தீஞ்சு போயிட்டான், அம்புட்டுத்தான்" என்கிறார் பெஞ்சில் இன்னொருவர். இரண்டு வருஷத்தில் அவனுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. கண்ணாடியில், சொன்னவர் முகமும் அவன் முகமும் ஏறக்குறைய ஒரே நிறம். மழித்து முடித்த பாண்டியராஜன், கேட்காமலே சிவப்பழகு க்ரீமைப் பிதுக்கி அவன் கன்னத்தில் பாசமாகத் தேய்க்கிறார். "இதுக்குக் காசு வேணாம் தம்பி. நாம ஜெயிச்சோம்ல!"