ஓம் சொல்லும் கல்

செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் தாயைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், தங்கையை விசாரிப்பார்கள். மனைவியை மட்டும் விசாரணை செய்வார்கள்.

சாமினியின் மீதான குற்றச்சாட்டுகள் இரண்டு. கப்பலில் வேலை செய்த கணவன் சுகிர்தன் கடலில் விழுந்துவிட்டான் என்று செய்தி வந்த மறுமாதமே, இடுப்பளவுப் பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். அடுத்து, தாலிக்கொடியை விற்றாள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத பெண்ணுக்கு, வெள்ளவத்தையில் மாடிக்கு மாடி காரணம் தயாராக இருந்தது.

மாமியார் ஜெகதீஸ்வரி அப்போது எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

"உடம்பைக் காட்டுங்கோ, அழுறன்" என்றார்.

மாலையானதும் ஒழுங்கையால் இறங்கிப் போய், தண்டவாளத்தில் நின்றபடி, கடலைப் பார்த்து மகனைச் சாப்பிடக் கூப்பிடுவார். ஒருநாள் புகையிரதம் அவருடைய சேலைத் தலைப்பைத் தட்டிக்கொண்டு போயிற்று.

சில மாதங்களில் கல் வந்தது. தேன் நிறம், மிளகளவுகூட இல்லை.

"உடம்பு கரையொதுங்கினதாம், மாமி. அங்கையே எரிச்சு, அதில இருந்த காபனை எடுத்து வைரமாக்கி, கொம்பனி அனுப்பியிருக்கு" என்றாள் சாமினி. அவள் இரசாயனவியல் ஆசிரியை. இந்தக் காலத்தில் அப்படியும் செய்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினாள்.

ஜெகதீஸ்வரி அன்றுதான் முதன்முறையாக அழுதார். அதன்பின் தண்டவாளத்துக்குப் போகவில்லை. கல்லைக் குங்குமச் சிமிழில் வைத்துச் சாமியறையில் குடியேற்றினார். சோறு படைத்தார். கதைத்தார்.

ஒரு மாலை, முத்தமிடக் குனிந்தவரின் மூச்சு கல்லின்மீது ஆவியாகப் படிந்தது. படிந்த கணமே, உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சிக்கொண்டதைப் போல மறைந்தது.

"மூச்சு விடுறான்" என்றார்.

அன்றிலிருந்து அவர் கல்லைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.

"பல்லைப் பிடுங்கட்டோ, தம்பி?" ஊதுவார். ஆவி மறையும், அது சம்மதம். ஓம்.

"பாமன்கடைக் கலியாணத்துக்குப் போகட்டோ?" ஓம்.

கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பவர்களுக்குக்கூட, சில வேளைகளில் இல்லை என்ற பதில் வரும். இந்தக் கல் ஒருமுறையேனும் இல்லை என்று சொன்னதில்லை. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

துயரம் சற்று அடங்கியதும் ஜெகதீஸ்வரிக்குக் கண் தெரிந்தது, காதும் கேட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து மகள் ரூபிகா வந்திருந்த வெள்ளிக்கிழமை, மருமகளைச் சாமியறைக்குக் கூப்பிட்டார்.

"கொடி எங்கை?"

"வித்திட்டன், மாமி."

"ஏன்?"

"தேவைப்பட்டது."

"தலைமயிர்?"

"அதுவும் தேவைப்பட்டது."

"மயிர் வெட்டுறதுக்கு என்ன தேவை, அண்ணி?" என்றாள் ரூபிகா. "வெக்கையெண்டால் ஏசியைப் போட்டிருக்கலாமே!"



"எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றார் ஜெகதீஸ்வரி. "உன்ர புருஷனே தீர்ப்புச் சொல்லட்டும்."

சிமிழைத் திறந்து, கல்லை உள்ளங்கையில் ஏந்தினார்.

"தம்பி, இவளை வீட்டை விட்டு அனுப்பட்டோ?"

ஊதினார். கல் வெளுத்தது. ரூபிகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விளக்கின் சுடர் அசையவில்லை, காற்றும் இல்லை. ஆவி ஒரு கணமும் தங்காமல் உள்ளிழுக்கப்பட்டது.

"ஓம் எண்டிட்டான்" என்றார் ஜெகதீஸ்வரி. அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

சாமினி ஒரு பையோடு படியிறங்கினாள். ரூபிகா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"நில்லுங்கோ, அண்ணி. அண்ணாவோட கப்பலில வேலை செய்தவர் நேற்று எனக்குப் போன் எடுத்தவர். அண்ணான்ர உடம்பு இண்டுவரைக்கும் கிடைக்கேல்லையாம். அப்ப மேல இருக்கிறது என்ன? கண்ணாடியோ?"

"கண்ணாடியெண்டால் ஆவி நிக்கும். வைரம் சூட்டை உடனே இழுத்துப்போடும். எதைக் கேட்டு ஊதினாலும் ஓம்தான்."

"எதைக் கேட்டாலுமோ? அப்ப மேல வாங்கோ! 'இவள் இருக்கட்டோ' எண்டு கேட்பம். அதுக்கும் ஓம் சொல்லுந்தானே?"

"சொல்லும். ஒரே வாயால போகவும் சொல்லி, இருக்கவும் சொன்னால் மாமி கல்லை நம்பமாட்டா. பிறகு திரும்பவும் தண்டவாளத்துக்குத்தான் போவா. நீர் ஒண்டும் சொல்லாதையும், ரூபிகா."

மேல்மாடியில் ஜெகதீஸ்வரி கல்லோடு ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ரூபிகா மேலே நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணான்ர உடம்பு இல்லையெண்டால்... அது ஆரின்ர காபன்?"

சாமினியின் கை பிடரிக்குப் போய், பின்னல் இருந்த இடத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது.

"காபன் எண்டால் காபன்தான். ஆரின்ரையெண்டு வைரம் சொல்லாது" என்றாள். "கொடி வித்த காசு, செய்கூலிக்குச் சரியாப் போச்சுது."

ரூபிகா இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. சாமினி கல்கிசையில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள், படிப்பிக்கிறாள், தலைமயிர் தோள்வரை வளர்ந்துவிட்டது. வெள்ளவத்தை வீட்டில் அவள் பெயரை எவரும் சொல்வதில்லை. ஜெகதீஸ்வரி மட்டும் தினமும் விளக்கேற்றியதும், தான் துரத்திவிட்ட மருமகளை உள்ளங்கையில் எடுத்து முத்தமிட்டு, "சாப்பிடு, தம்பி" என்கிறார்.