உதட்டோரத்தில் க்ரீம்

கழிவறைக் கதவைத் தாழிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி குழாயையும் திறந்துவிட்டு, சரித்திர டீச்சர் அந்தக் காரியத்தைச் செய்து முடித்தாள். முடித்ததும் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

காரியம் வேறொன்றுமில்லை, ஒரு க்ரீம் பன். கேன்டீனில் யாரும் கேட்காமலேயே "பொண்ணுக்கு வாங்கறேன்" என்று பொய் சொல்லி வாங்கியது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் அவளுடைய டயட் ரொம்பப் பிரசித்தம். போன் வீடியோவில் வருகிற ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னபடி, சாயங்காலம் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. அதுவரைக்கும் பால் சேர்க்காத காபியும் தண்ணீரும்தான். இடுப்பு இளைத்த கதையைக் கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். மற்றவர்கள் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, மன உறுதி வேண்டும் என்று உபதேசம் வேறு. அப்படிப்பட்டவள் கழிவறையில் நின்று பன் தின்றது தெரிந்தால் சும்மா விடுவார்களா?

இளைத்தது இடுப்பு மட்டுமல்ல, பொறுமையும்தான். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்துவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுவாள். வயது அப்படி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இன்று காலையில்கூட, சீப்பில் முடி சிக்கியிருந்ததற்காக மகளைப் பிடி பிடியென்று பிடித்தாள். மகளும் இதே பரீட்சையை எழுதிவிட்டு, தன் விடைத்தாள் எந்த ஊரில் யார் கையில் இருக்கிறதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவள். அவள் "சாப்பிட்டுட்டுத் திட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த எரிச்சல் முகாமுக்கும் கூடவே வந்தது. காலையில் திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டில், ஒன்றின் முதல் பக்கத்திலேயே நீல மை கொட்டியிருந்தது, எழுதின பிள்ளை அதை விரலால் தேய்த்து வேறு வைத்திருந்தது. எழுதுகிற லட்சணம் இதுதான் என்று அவள் முணுமுணுத்த அதே நேரம், வயிறு கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவமானம் பிடுங்கித் தின்ன, சிவப்புப் பேனாவால் சரசரவென்று கோடு கிழித்து, ஃபெயில் போட்டுத் தள்ளிவிட்டாள்.

மதியம் பன் உள்ளே போனதும் தலைவலி விட்டது. மனசு லேசானது. பக்கத்து மேஜைக்காரர் பல்வலி என்று அரை நாள் லீவில் போய்விட, அவருடைய கட்டையும் இவள் தலையில் கட்டினார்கள். காலையாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இப்போது வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தக் கட்டில் ஒரு ரெட்டைப் பேப்பர் இருந்தது. தலைமைத் தேர்வாளரின் ஏற்பாடு அது. சில விடைத்தாள்களைத் திருத்துவதற்கு முன்பே நகல் எடுத்து, அசலை ஒரு மேஜைக்கும் நகலை இன்னொரு மேஜைக்கும் அனுப்பிவிடுவார். இரண்டு பேர் போடும் மார்க்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

நகலின் முதல் பக்கத்தில் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. மெஷினைத் துடைக்கவே மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தாள். ஆற்றங்கரைகளில் நகரங்கள் ஏன் தோன்றின என்ற கேள்விக்கு, முதலில் மக்களுக்குத் தாகம் எடுத்தது, அரசர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. கையெழுத்துதான் கோணல், ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை, எல்லாம் சொந்த யோசனை. அவளுக்கு மகள் ஞாபகம் வந்தது. மனசார மார்க் போட்டாள், தாராளமாகவே பாஸ்.

சாயங்காலம் தலைமைத் தேர்வாளர் கூப்பிட்டு அனுப்பினார். பன் விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது என்றே அவள் நினைத்தாள். விடைத்தாளில் க்ரீம் பட்டுத் தொலைத்திருக்குமோ? போகிற வழியெல்லாம் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டே போனாள்.

அவர் பன்னைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு விடைத்தாளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையை ஊன்றியிருந்தார். நகலை அவள் பக்கம் நகர்த்தி, இதற்கு நீங்கள் பாஸ் போட்டிருக்கிறீர்கள், அசலில் ஃபெயில் போட்டிருக்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

தப்பித்தோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நியாயமான கோபம். பெற்ற பிள்ளைக்காக வாதாடுவதுபோல வரிவரியாகக் காட்டி வாதாடினாள்.

"முழுசாப் படிக்கவே இல்ல சார். வீட்டு எரிச்சலை ஒரு குழந்தை தலையில கொட்டியிருக்காங்க. இப்படிப் பண்ணிட்டு எப்படித்தான் நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்குறாங்களோ. அந்த ஆளை இனிமே ஒரு பேப்பரைக்கூடத் தொட விடாதீங்க."

தலைமைத் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையில திருத்தினதும் நீங்கதான், டீச்சர்."